பூட்டு எப்போது தோற்கிறது? கதவுப் பூட்டு வகைகள்: ஓர் எளிய விளக்கம்

பூட்டு வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் அதைக் கையில் வாங்கி எடை பார்க்கிறார்கள். கனமாக இருந்தால் மனம் நிறைந்துவிடுகிறது. பிறகு எத்தனை லீவர், எத்தனை சாவி என்று கேட்கிறார்கள். இந்தப் பூட்டு எப்படித் தோற்கும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் ஒரு பூட்டை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க, அதைவிடப் பயனுள்ள கேள்வி எனக்குத் தெரியவில்லை. தோற்காத பூட்டு இதுவரை செய்யப்படவில்லை. ஒவ்வொரு வகையும் தனக்கே உரிய விதத்தில் தோற்கிறது. நம் கதவுக்கு எந்தத் தோல்வி வரக்கூடாது என்று தெரிந்துகொண்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

பூட்டு இரண்டு விதமாகத் தோற்கலாம். திறக்கக் கூடாதவருக்குத் திறந்துவிடுவது ஒன்று; திறக்க வேண்டியவருக்குத் திறக்க மறுப்பது மற்றொன்று. முன்னது பாதுகாப்பைச் சேர்ந்தது, பின்னது நம்பகத்தைச் சேர்ந்தது. பேச்சில் இரண்டையும் 'நல்ல பூட்டு' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். கள்ளச் சாவிக்கு அசையாத பூட்டு, புழுதி ஏறிய சில ஆண்டுகளில் சொந்தச் சாவிக்கும் அசையாமல் போகலாம். வெண்ணெயாகத் திறக்கும் பூட்டு யார் கைக்கும் அப்படியே திறக்கலாம். இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

சாத்துவது, தாழிடுவது, பூட்டுவது

எந்தக் கதவுப் பூட்டையும் இரண்டு உறுப்புகளாகப் பிரித்துப் பார்க்கலாம். கதவின் விளிம்பிலிருந்து நீண்டு, நிலையில் உள்ள துளைக்குள் நுழையும் உலோகத் துண்டு ஒன்று. அது தாழ். கதவைத் தாங்கி நிற்பது அதுவே. மற்றது, உள்ளே வந்திருப்பது சரியான சாவியா என்று சோதித்து, சரியானால் மட்டும் தாழை நகரவிடும் அமைப்பு. பூட்டு விளம்பரங்கள் இந்தச் சோதிக்கும் அமைப்பைப் பற்றியே பேசும். கதவை உடைக்க வருபவனோ அதைச் சீண்டுவதே இல்லை. தாழையும் நிலையையும்தான் தாக்குகிறான்.

தமிழில் கதவைச் சாத்துவது வேறு, தாழிடுவது வேறு, பூட்டுவது வேறு. இந்த மூன்று சொற்களும் பூட்டுத் தொழில்நுட்பத்தின் முதல் பாடத்தைத் தமக்குள் வைத்திருக்கின்றன. குமிழோ கைப்பிடியோ உள்ள பல பூட்டுகளில் இருப்பது சரிவாகச் சீவப்பட்ட முனையும் பின்னால் ஒரு சுருள்வில்லும் கொண்ட தாழ். இதை லாட்ச் என்பார்கள். கதவைத் தள்ளினால் அந்தச் சரிவு நிலையின் தகட்டில் மோதி உள்வாங்கி, பிறகு தானாகத் துளைக்குள் விழும். வசதியான ஏற்பாடு. ஆனால் தகட்டால் உள்ளே தள்ள முடிந்ததை, கதவிடுக்கில் நுழைத்த ஒரு பிளாஸ்டிக் அட்டையாலும் தள்ள முடியும். இதைத் தடுக்கத் தரமான லாட்ச்சுகளில் தாழுக்குப் பக்கத்தில் சிறிய துணைக் கம்பி ஒன்று இருக்கும். கதவு மூடியிருக்கும்போது நிலையின் தகடு அந்தக் கம்பியை உள்ளே அழுத்தி வைத்திருக்கும். அது அழுந்தியிருக்கும்வரை தாழைப் பின்னால் தள்ள முடியாது. பொருத்தியவர் அளவு தவறினால் துணைக் கம்பியும் தாழோடு சேர்ந்து துளைக்குள் விழுந்துவிடும். அப்போது அந்தப் பாதுகாப்பு இல்லாமலே போகிறது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

டெட்போல்ட் எனப்படும் தாழுக்குப் பின்னால் வில் கிடையாது. முனை சதுரமாக இருக்கும். சாவியாலோ உள்பக்கத் திருகியாலோ மட்டுமே நகரும். அட்டைக்கோ கத்தி முனைக்கோ இடம் கொடுக்காது. நீளமும் முக்கியம்: பிரிட்டனின் பிஎஸ் 3621 தரம் தாழ் குறைந்தது 20 மில்லிமீட்டர் நீள வேண்டும் என்கிறது, அமெரிக்காவில் ஓர் அங்குலம், அதாவது சுமார் 25 மில்லிமீட்டர், வழக்கமான அளவு. குமிழ்ப் பூட்டு மட்டும் உள்ள வாசல் கதவு, என் கணக்கில், சாத்தப்பட்ட கதவு. அதைப் பூட்டிய கதவு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

51 மணி நேரத்தில் உடைந்த நம்பிக்கை

இனி, சோதிக்கும் அமைப்புகள். மிகப் பழைய எளிய வகையில் பூட்டுக்குள் சில நிலையான தடுப்புகள் இருக்கும். அவற்றில் மோதாத வடிவில் சாவி வெட்டப்பட்டிருக்கும். சாவியின் நடுப்பகுதியை மெலிதாகச் சீவி முனையை மட்டும் விட்டுவைத்தால் எல்லாத் தடுப்புகளையும் தாண்டிப் போய்விடலாம். பழைய அலமாரிகளில் இது இன்னும் இருக்கிறது. வாசலுக்கு ஆகாது.

லீவர் பூட்டு பெரிய முன்னேற்றம். உள்ளே தட்டையான தகடுகள் அடுக்காக இருக்கும்; ஒவ்வொன்றிலும் ஒரு காடி, அதாவது வெட்டுப் பள்ளம். சாவியின் ஒவ்வொரு பல்லும் தனக்குரிய தகட்டைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால், காடிகள் எல்லாம் ஒரே நேர்கோட்டுக்கு வந்து தாழுக்கு வழிவிடும். குறைவாகத் தூக்கினாலும் கூடுதலாகத் தூக்கினாலும் தாழ் நகராது. இந்த இருபக்கத் தடையை 1778 இல் ராபர்ட் பாரன் என்ற ஆங்கிலேயர் கொண்டுவந்தார். 1818 இல் ஜெரமையா சப் இன்னும் ஒரு படி போனார்: ஏதாவது ஒரு லீவர் அளவுக்கு மேல் உயர்ந்தால் பூட்டு இறுகி நின்று, யாரோ கைவைத்தார்கள் என்பதை உரியவருக்குத் தெரிவித்துவிடும்.

அந்தக் காலத்தில் லண்டனில் ஜோசப் பிராமா என்ற பொறியாளரின் கடைச் சன்னலில் ஒரு பூட்டு வைக்கப்பட்டிருந்தது. அதைத் திறக்கும் கருவி செய்பவருக்கு 200 கினி (அந்நாளைய ஆங்கிலப் பண அளவு) பரிசு என்று அறிவித்திருந்தார்கள். அறுபது ஆண்டுகளாக அந்தப் பரிசை யாரும் வாங்கவில்லை. 1851 இல் லண்டனில் நடந்த பெரும் கண்காட்சிக்கு வந்த ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், சப் பூட்டை சுமார் 25 நிமிடங்களில் திறந்து காட்டினார். பிறகு பிராமா பூட்டில் கைவைத்தார். 16 நாட்களில் பிரித்துப் பிரித்து மொத்தம் 51 மணி நேரம் உழைத்து அதையும் திறந்துவிட்டார்.

ஹாப்ஸ் எப்படித் திறந்தார் என்பதில் எல்லாப் பூட்டுகளின் பொதுவான பலவீனமும் அடங்கியிருக்கிறது. எவ்வளவு நுட்பமாகச் செய்தாலும் எந்த இரண்டு உறுப்புகளும் முற்றிலும் ஒரே அளவில் அமைவதில்லை. தாழைத் திறக்கும் திசையில் மெல்ல அழுத்திக்கொண்டே இருந்தால், அந்த அழுத்தம் எல்லா லீவர்களிலும் சமமாக விழாது. ஏதோ ஒன்று முதலில் இறுகும். அதை மட்டும் சரியான உயரத்துக்குத் தூக்கினால் தாழ் ஒரு மயிரிழை நகர்ந்து அதை அங்கேயே நிறுத்திவைக்கும். அடுத்தது இறுகும். அதையும் தூக்கலாம்.

இதன் கணக்கைப் பாருங்கள். ஐந்து உறுப்புகள், ஒவ்வொன்றுக்கும் 10 உயரங்கள் என்று வைத்துக்கொண்டால், ஐந்தையும் ஒரே சமயத்தில் பொருத்தியாக வேண்டிய பூட்டுக்கு 1,00,000 சாவி வடிவங்கள் உண்டு. ஒவ்வொன்றாகப் பொருத்த முடிந்தால் அதிகபட்சம் 50 முயற்சிகள் போதும். பெருக்கலாக இருந்தது கூட்டலாகிவிடுகிறது. பூட்டு உருவாக்குபவர்கள் அதன்பின் செய்த முயற்சிகளில் பெரும்பகுதி, இந்தக் கூட்டலை மீண்டும் பெருக்கலாக்கும் முயற்சி என்றே சொல்லலாம்.

லீவர் பூட்டின் நம்பகத்தைப் பற்றி எனக்கு நல்ல எண்ணமே உண்டு. உறுப்புகள் பெரியவை, தடிமனானவை. சற்றுத் தூசியைப் பொறுத்துக்கொள்ளும். பல பத்தாண்டுகள் உழைக்கும். சாவி பெரிதாக இருப்பதுதான் தொந்தரவு. வாங்கும்போது லீவர் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். மலிவான எட்டு லீவர்களைவிடத் தரச்சான்று பெற்ற ஐந்து லீவர்கள் மேல். பிஎஸ் 3621 தரம் பெற்ற லீவர் பூட்டில் ஐந்து லீவர்களோடு, துளையிடுவதைத் தடுக்கும் கடினத் தகடும், குறைந்தது 1,000 வெவ்வேறு சாவி வடிவங்களும் இருக்கும்.

சிலிண்டர் பூட்டு

இன்று உலகில் மிகப் பரவலாக இருப்பது 'பின்' (pin) எனப்படும் சிறு உலோக முளைகள் கொண்ட சிலிண்டர் பூட்டு. இதன் கருத்து மிகப் பழையது. பண்டைய எகிப்திலும் மெசொப்பொத்தேமியாவிலும் மரத்தால் செய்த முளைப் பூட்டுகள் இருந்தன. அதை உலோகச் சிலிண்டருக்குள் கொண்டுவந்தவர்கள் லைனஸ் யேல் என்ற ஒரே பெயர் கொண்ட அமெரிக்கத் தந்தையும் மகனும். மகன் 1860களில் அதற்குச் சிறிய தட்டைச் சாவி அமைத்துக் காப்புரிமை பெற்றார். நம் சாவிக் கொத்தில் தொங்கும் சாவிகளில் பல அந்தச் சாவியின் வாரிசுகள்.

ஒரு பெரிய உருளைக்குள் சிறிய உருளை ஒன்று சுழல்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் குறுக்காகத் துளைத்து, ஐந்து அல்லது ஆறு துளைகளில் சிறு பின்கள் விழுந்து கிடக்கின்றன. ஒவ்வொரு துளையிலும் கீழே ஒரு பின், அதன் மேல் இன்னொரு பின், அதற்கும் மேல் அழுத்தும் சுருள்வில். சாவி இல்லாதபோது மேல் பின்கள் இரண்டு உருளைகளுக்கும் நடுவில் குறுக்கே நின்று சுழற்சியைத் தடுக்கின்றன. சரியான சாவி நுழைந்தால், ஒவ்வொரு ஜோடியும் பிரியும் இடம் இரு உருளைகளின் எல்லைக்கோட்டில் வந்து நிற்கும். உள் உருளை சுழலும்.

ஹாப்ஸின் முறை இங்கேயும் செல்லும். அதைவிட வேகமான வழியும் இருக்கிறது. வரிசையாக ஒட்டி நிற்கும் கோலிக் குண்டுகளில் ஒரு முனையை அடித்தால், மறுமுனையில் இருக்கும் குண்டு மட்டும் தெறிக்கும். நடுவில் உள்ளவை கிட்டத்தட்ட அசையாது. எல்லாப் பற்களும் அடிவரை வெட்டப்பட்ட ஒரு சாவியை நுழைத்துத் தட்டும்போது பின்களுக்கு நேர்வதும் இதுவே. மேல் பின்கள் ஒரு கணம் துள்ளி எல்லைக்கோட்டைத் தாண்டுகின்றன. அந்தக் கணத்தில் உருளை சுழன்றுவிடும். சாதாரண மலிவு சிலிண்டர் பலவற்றில் இது பலிக்கும். இடை ஒடுங்கிய நூற்கண்டு வடிவப் பின்கள், இறுக்கமான அளவுகள், கூடுதல் பக்கத் தடைகள் உள்ள சிலிண்டர்களில் மிகவும் கடினமாகிறது.

இருந்தாலும், சிலிண்டர் பூட்டின் பெரிய ஆபத்து நுட்பமான திறப்பு முறைகளில் இல்லை என்றே நினைக்கிறேன். ஐரோப்பிய வடிவச் சிலிண்டர் ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் காரணம் புரியும். அதைக் கதவோடு பிணைக்கும் திருகாணிக்காக நட்டநடுவில் ஒரு துளை இருக்கிறது. அந்த இடத்தில் உலோகம் மிக மெலிது. சிலிண்டரின் முனை கதவுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தால், இடுக்கியால் பிடித்து வளைத்து, அந்த மெல்லிய இடத்தில் முறித்துவிடலாம். சில விநாடி வேலை. முனை வெளித்தகட்டைத் தாண்டி 3 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டாமல் சரியான நீளத்தில் வாங்கிப் பொருத்துவது முதல் தற்காப்பு. முன்பகுதி மட்டும் உடைந்து, பூட்டும் பகுதி உள்ளே அப்படியே நிற்கும்படி செய்த சிலிண்டர்களும் கிடைக்கின்றன. பிரிட்டனில் டிஎஸ் 007 என்ற தரத்தில் மூன்று நட்சத்திரம் பெற்றவை அத்தகையவை.

பற்களுக்குப் பதில் தட்டையான முகத்தில் குழிகள் கொண்ட சாவியைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் பின் பூட்டுதான். பின்கள் கூடுதல், வரிசைகள் கூடுதல். குழிகள் இருப்பதாலேயே உயர்ந்தது என்று எண்ண வேண்டாம். மலிவானவற்றில் உள்வேலை மோசமாகவே இருக்கும். நல்ல நிறுவனங்களின் குழிச் சாவியில் எனக்குப் பிடித்தது, உரிமை அட்டை காட்டாமல் நகல் எடுக்க முடியாத ஏற்பாடு. பூட்டை வெல்வதற்கு மிக எளிய வழி அதன் சாவியை நகலெடுப்பது. அதற்குச் சாவியைத் தொடக்கூட வேண்டியதில்லை. 2008 இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள், 195 அடி தொலைவிலிருந்து எடுத்த படத்தைக் கொண்டே சாவியின் வெட்டுகளைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். புது வீட்டுச் சாவியைப் படம் எடுத்து மகிழ்ச்சியோடு பகிர்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

மழைக்கும் புழுதிக்கும்

வெளிக்கதவு, படகு, கிடங்கு போன்ற இடங்களுக்கு டிஸ்க் பூட்டு என்ற வகையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். 1907 இல் பின்லாந்தில் எமில் ஹென்ரிக்சன் உருவாக்கியது. உள்ளே பின்கள் இல்லை, வரிசையாக வட்டுகள். சாவி ஒவ்வொரு வட்டையும் தனித்தனி கோணத்துக்குச் சுழற்றுகிறது. எல்லா வட்டுகளின் வெட்டுகளும் ஒன்றாகும்போது பக்கத்தில் உள்ள ஒரு கம்பி அதற்குள் விழுந்து வழிவிடுகிறது. வட்டுகளைத் தாங்கச் சுருள்வில்கள் இல்லை. அதனால் தட்டித் துள்ளவைக்கும் முறைக்கு இங்கே வேலை இல்லை. உறைபனியில் வில் சிக்குவதோ துருப்பிடித்து ஓய்வதோ இல்லை. பாதுகாப்பும் நம்பகமும் ஒரே வடிவமைப்பிலிருந்து கிடைப்பது அபூர்வம். விலை கூடுதல்தான்.

தொங்கு பூட்டில் உடலைவிட வளையத்தைப் பாருங்கள். வளையம் வெளியே தெரியும் அளவு எவ்வளவு குறைகிறதோ, வெட்டும் கருவிக்கு அவ்வளவு இடம் குறையும். கொண்டியின் திருகாணிகள் வெளியே தெரிந்தால், பூட்டு எதுவாக இருந்தாலும் ஒரு திருப்புளி போதும்.

மின்னணுப் பூட்டுகள்

எண் பலகை, அட்டை, கைரேகை, கைப்பேசி என்று பல வடிவங்கள் வந்துவிட்டன. இவை மாற்றியிருப்பது சோதிக்கும் அமைப்பை மட்டுமே. கதவைத் தாங்குவது அதே தாழ், அதே நிலை. பலவற்றில் அவசரத்துக்கென்று ஒரு சாவித் துளையும் உண்டு. அங்கே மலிவான சிலிண்டர் இருந்தால் முகப்பில் உள்ள கைரேகை வாசிப்பானால் என்ன பயன்?

எண் பலகையில் நான்கு இலக்கத்துக்கு 10,000 வாய்ப்புகள். தினமும் அழுத்தும் நான்கு எண்கள் தேய்ந்து பளபளத்தால் அது 24 ஆகச் சுருங்கிவிடும். ஒரு வியப்பான விஷயம்: மூன்று எண்கள் மட்டும் தேய்ந்திருந்தால், அதாவது ஓர் எண் இருமுறை வந்தால், வாய்ப்புகள் 36 ஆக உயர்கின்றன. இரண்டுமே ஆபத்தான அளவுதான். எண்ணை அவ்வப்போது மாற்றுவதும் பலகையைத் துடைப்பதும் வழி. கைரேகை ஈர விரலிலும், கடின உழைப்பில் ரேகை தேய்ந்தவர்களிடமும் தடுமாறும். அத்தகையவர்கள் இருக்கும் வீட்டில் இன்னொரு வழியும் கட்டாயம் இருக்க வேண்டும்.

சாவிப் பூட்டுக்கும் மின்னணுப் பூட்டுக்கும் உள்ள ஆழமான வேறுபாடு தோல்வியின் பரப்பில் இருக்கிறது. சாவிப் பூட்டைத் திறப்பவர் ஒவ்வொரு கதவாகத் திறக்க வேண்டும். மின்னணுவில் ஒரு குறை தெரிந்தால் அந்த வகைக் கதவுகள் எல்லாம் ஒரே நாளில் பலவீனமாகின்றன. 2012 இல் கோடி புரோசியஸ் என்ற ஆய்வாளர், ஓட்டல் அறைகளில் பரவலாக இருந்த ஓர் அட்டைப் பூட்டை, அதன் அடிப்பக்க இணைப்புத் துளையில் மலிவான சிறு கருவியைச் செருகித் திறந்து காட்டினார். 2024 இல் வேறொரு அட்டைப் பூட்டு வகையில் குறை வெளியானபோது, உலகெங்கும் சுமார் 30 லட்சம் கதவுகள் அதில் அடங்கின. நம்பகத்திலும் இதே கதை. 2017 இல் ஒரு நிறுவனம் அனுப்பிய தவறான மென்பொருள் புதுப்பிப்பால் சுமார் 500 பூட்டுகள் ஒரேயடியாகச் செயலிழந்தன. பாதுகாப்புப் புதுப்பிப்புகளை எத்தனை ஆண்டுகள் தருவார்கள் என்று கேட்காமல் ஸ்மார்ட் பூட்டு வாங்காதீர்கள்.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: மின்சாரம் நின்றால் என்ன ஆகும்? மின்காந்தத்தால் பிடித்து வைக்கும் பூட்டு மின்சாரம் போனதும் விட்டுவிடும். பேட்டரியில் ஓடும் பூட்டுகள் பெரும்பாலும் பூட்டிய நிலையிலேயே நிற்கும். இரண்டில் எது நல்லது என்பது கதவைப் பொறுத்தது.

ஆனால் எந்தப் பூட்டாக இருந்தாலும் உள்ளே இருப்பவர்கள் சாவி தேடாமல் வெளியேற வழி இருக்க வேண்டும். உள்பக்கமும் சாவி கேட்கும் பூட்டு, புகை நிறைந்த இருட்டில் உயிரைப் பறிக்கக்கூடும். கதவுக்கு அருகில் கண்ணாடி இருப்பதால் வெளியிலிருந்து கைவிட்டுத் திருகியைத் திருப்பிவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானது. அதற்குக் கண்ணாடியை வலுப்படுத்துங்கள். வெளியேறும் வழியை அடைக்காதீர்கள்.

பூட்டைச் சுற்றியுள்ளவை

கதவை உதைக்கும்போது முழு விசையும் நிலையில் பதித்த சிறு தகட்டுக்கும் அதன் இரண்டு திருகாணிகளுக்கும் போகிறது. பூட்டோடு வரும் திருகாணிகள் பெரும்பாலும் குட்டையானவை. மரத்தின் மேற்பரப்பை மட்டுமே பிடித்திருக்கும். பூட்டு உடையாது, நிலையின் மரம் பிளக்கும். தடித்த தகடும், நிலையைத் தாண்டிச் சுவரின் திடமான பகுதிவரை செல்லும் 75 மில்லிமீட்டர் திருகாணிகளும், விலையுயர்ந்த பூட்டைவிடப் பல கதவுகளில் கூடுதல் பயன் தருகின்றன. கீல்கள் வெளிப்பக்கம் இருந்தால் அவற்றின் கம்பியை உருவ முடியாதபடி செய்யுங்கள்.

நம்பகத்துக்கு வருவோம். அமெரிக்கத் தரத்தில் டெட்போல்ட்டுகளை மூன்று படிகளாகப் பிரிக்கிறார்கள்: முதல் படிக்கு 2,50,000 முறையும் இரண்டாம் படிக்கு 1,50,000 முறையும் மூன்றாம் படிக்கு 1,00,000 முறையும் திறந்து மூடிச் சோதிக்கிறார்கள். நாளுக்குப் பத்து முறை பூட்டினால் கடைசிப் படிகூட 27 ஆண்டுகள் தாங்க வேண்டும். ஆனால் வீடுகளில் பூட்டுகள் அதற்கு வெகு முன்பே மக்கர் செய்கின்றன. சோதனைக் கூடத்தில் இல்லாத சில விஷயங்கள் வீட்டில் இருக்கின்றன. சாவி இறுகியதும் சமையல் எண்ணெயை விடுகிறோம். சில நாட்கள் வழுவழுப்பாக இருக்கும், பிறகு தூசியோடு சேர்ந்து பிசினாகும். சிலிண்டருக்கு கிராஃபைட் பொடி போன்ற உலர் மசகே நல்லது. எண்ணெயும் பொடியும் கலக்கக் கூடாது. தேய்ந்த சாவியிலிருந்து நகல், அந்த நகலிலிருந்து இன்னொரு நகல் என்று போனால் ஒவ்வொரு தலைமுறையிலும் பிழை கூடும். பூட்டோடு வந்த சாவிகளில் ஒன்றைப் பயன்படுத்தாமல் எடுத்துவைத்து, அதிலிருந்தே எப்போதும் நகல் எடுங்கள்.

மிகப் பெரிய காரணம் கதவு இறங்குவது. ஈரத்தில் மரம் ஊதுகிறது, கீல் தளர்கிறது, தாழின் முனை துளையின் விளிம்பில் உரசத் தொடங்குகிறது. நாம் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பப் பழகிவிடுகிறோம். கையால் திருப்பினால் சாவி வளையும்; ஸ்மார்ட் பூட்டாக இருந்தால் மோட்டார் திணறி பேட்டரி சீக்கிரம் தீரும். பூட்டைக் குறைசொல்லி மாற்றுவதற்கு முன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். அப்போது தடையின்றித் திரும்பினால் பூட்டில் பழுதில்லை. தாழின் முனையில் சுண்ணக்கட்டியைத் தடவி, கதவை மூடிப் பூட்ட முயலுங்கள். நிலையின் தகட்டில் எங்கே தடம் பதிகிறதோ அங்கே இடிக்கிறது. கீல் தளர்ந்திருந்தால் முதலில் அதை முறுக்குங்கள். பிறகும் உரசினால், அந்த விளிம்பை அரத்தால் ஓரிரு மில்லிமீட்டர் ராவினால் போதும்.